மணவறைக் கதிரையில் ஒரு முழங்கால்

…இறங்கச் சொல்லுவார்கள், எப்படியும் இறங்கச் சொல்லத்தான் போகிறார்கள், இந்த உழவு இயந்திரப் பெட்டி பள்ளிக்கூட மைதானத்துக்குள் போய் நின்றதும் பின்பலகையைத் திறந்துவிட்டு, ‘மிஸ்ஸி, பாத்து இறங்குங்கோ’ என்று நூறு கை நீளும், நூறு கையும் என் வலது முழங்காலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அது வெள்ளைக் காற்சட்டைக்குள் பூசணிக்காய் போல வீங்கிக் கிடக்கிறது, பூசணிக்காய் என்பதும் குறைத்துச் சொன்னது, போன வருடம் எங்கள் வளவில் காய்த்த நீத்துப்பூசணியை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது எலுமிச்சங்காய்… அக்கராயன் சந்தியிலிருந்து மைதானம் என்ன பெரிய தூரமா, சைக்கிளில் போனால் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிக்கிற தூரம், இன்றைக்கு அதைக் கடப்பதற்குள் எனக்கு இரண்டாவது பென்சனும் கிடைத்துவிடும், முன்னால் தவிலும் நாதஸ்வரமும், அவற்றுக்கும் முன்னால் பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியம், இரண்டும் ஒன்றையொன்று கேட்காத மாதிரி வேறு வேறு பாட்டு, நான் பெட்டிக்கு நடுவில் மணவறைக் கதிரையில், சிவப்பு வெல்வெட்டு, முதுகில் இரண்டு மயில், கதிரை சரியாமல் இருக்கச் சுதாகரன் நைலோன் கயிற்றால் அதைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டினான், கட்டுகிற சாட்டில் என் இடுப்பையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான், ‘குலுக்கினா விழுந்திடுவியள் மிஸ்ஸி, அதுதான்’ என்று சொல்லிப்போட்டு உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான், மாடு கட்டிப் பழகிய கை, அவனே வந்து அவிழ்த்தால்தான் உண்டு, கழுத்தில் மாலைக்கு மேல் மாலை ஏறி மூக்குக்கு வந்துவிட்டது, செவ்வந்திப்பூ இடுக்கு வழியாகத்தான் இப்போது உலகம் தெரிகிறது, அந்த உலகம் கைதட்டுகிறது.

நாகேஸ்வரி என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன், ஊருக்கு நான் மிஸ்ஸி, பென்சன் எடுக்கும்வரை இந்தப் பக்கத்து மருத்துவமாது, இந்த ஊர்வலத்தில் நடக்கிற இளந்தாரி ஒருவனும் என் கையைத் தாண்டாமல் பூமிக்கு வரவில்லை, யார் தலையால் வந்தது, யார் காலால் வந்தது, யார் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது எல்லாம் எனக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ என் முன்னால் ஒருவனும் பெரிதாக நெஞ்சை நிமிர்த்துவதில்லை… இப்போது கத்மண்டுவில் நடந்த கராத்தேப் போட்டியில் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் வெள்ளிப் பதக்கம், ஆறு நாட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள், ஊருக்குச் சொல்லும்போது அது அறுபது நாடு ஆனதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, வழியில் வாய்கள் இருந்தன. பெட்டியின் முன்மூலையில் ஒலிவாங்கியோடு நிற்கிறாரே நல்லதம்பி, கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், அவர் கையில் அது இப்போது நூற்றறுபது நாடு. சந்தியில் வைத்து ‘எங்கள் மண்ணின் பெண் பு…’ என்று தொடங்கினவர், வீதியோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற முன்பின் தெரியாத முகம் ஒன்றைக் கண்டதும், புலனாய்வுக்காரனோ என்னவோ, சொல்லை அப்படியே விழுங்கி, ‘பெண் சிங்கம்’ என்றார், சிங்கம் எந்தக் கொடியில் நிற்கிறது என்று உடனே நினைவு வந்திருக்கவேண்டும், ‘பெண் யானை’ என்றார், அது ஒரு கட்சியின் சின்னம், வியர்த்து விறுவிறுத்துக் கடைசியில் ‘பெண் கரடி’ என்று வந்து நின்றார், கரடிக்கு ஒருவரும் உரிமை கோரவில்லை, ஆகவே சந்தியிலிருந்து நான் கரடி… ‘வாறா வாறா, அக்கராயனின் பெண் கரடி வாறா, விலத்துங்கோ, விலத்துங்கோ’, கரடியைத்தான் கட்டிக்கொண்டு போவார்கள், கயிறும் கிடக்கிறது, எல்லாம் பொருத்தம்.

படலைக்குப் படலை மேசை போட்டு நிறைகுடம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு படலையிலும் வண்டி நிற்கவேண்டும், ஆராத்தி எடுக்கவேண்டும், நான் இறங்கி அந்த வீட்டு விளக்கைத் தொட்டுக் கும்பிடவேண்டும், அதுதான் முறை, முதலாவது படலையிலேயே பின்பலகையைத் திறக்கப்போனார்கள், இறங்கினால் தெரிந்துவிடுமே, ஒரு அடி வைத்தால் போதும், நொண்டுகிறேன் என்று குளக்கட்டுக்கு அந்தப் பக்கம்வரை கதை போய்விடும், என்ன செய்வேன், வாயில் வந்ததைச் சொன்னேன், ‘நல்லதம்பி, பதக்கம் எடுத்த ஆள் மைதானத்துக்குப் போய்ச் சேருமட்டும் கால் நிலத்திலை படக்கூடாது, கராட்டியிலை அது பெரிய முறை, பட்டால் பதக்கத்துக்கே தோஷம்’, யப்பானில் ஆயிரம் வருடமாக அப்படித்தான் என்று ஒரு ஆயிரத்தையும் சேர்த்துவிட்டேன், நல்லதம்பியின் கண் விரிந்தது, உடனே ஒலிவாங்கியில் அது இரண்டாயிரம் வருடமானது, அதற்குப் பிறகு ஊர்ச்சனம் விளக்கையே தூக்கிக்கொண்டு பெட்டிக்கு ஏறி வருகிறது, இளநீர், நெல்லிரசம், சோடா, தேத்தண்ணி, வேண்டாம் என்றால் மனம் நோகும், குடித்தால் வேறு இடம் நோகும், இறங்கமுடியாதவள் இவ்வளவையும் குடித்துவிட்டு எங்கே போவது, முழங்கால் ஒரு பக்கம், அடிவயிறு ஒரு பக்கம், நடுவில் கரடி சிரித்துக்கொண்டிருக்கிறது… இவர் எங்கே, இவர் தில்லைநாதன், என் மனுசன், அதோ உழவு இயந்திரத்தின் மட்காட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார், வெள்ளை வேட்டி, கையில் கைபேசி, மகள் யதுர்ஷிகா கனடாவில் நித்திரையால் எழும்பி ஊர்வலம் பார்க்கிறாள், இவர் அவளுக்குக் காட்டிக்கொண்டு வருகிறார், வழக்கம்போல வாயைத் திறக்காமல்.

நான் கராத்தே பழகவேண்டும் என்று தலைகீழாக நின்றவளா, இல்லையே, சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிவந்த காலம், ஏதோ ஒரு நிறுவனம் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு என்று வந்தது, மிஸ்ஸி ஆள் சேர்த்துத் தாங்கோ என்றார்கள், வீடு வீடாகச் சொன்னேன், ஓம் ஓம் என்று தலையாட்டிய ஒருத்தியும் வரவில்லை, படம் எடுக்கிற ஆள் வந்துவிட்டான், வெறும் மண்டபத்தைப் படம் எடுக்கமுடியாதே என்று நானே போய் நின்றேன், அன்றைக்கு வகுப்பு நடத்த வவுனியாவிலிருந்து வந்திருந்தவர் மஸாஹிர் மாஸ்டர், பகலில் புடைவைக்கடை, பின்னேரத்தில் கராத்தே, என்னைப் பார்த்துவிட்டு, ‘கால மடக்கி நில்லுங்க பார்ப்பம்’ என்றார், நின்றேன், ‘இன்னும் பதிய முடியுமா’ என்றார், பதிந்தேன், ‘மிஸ்ஸி, இத எங்க பழகினீங்க’ என்று அவர் வாயைப் பிளந்தார், எங்கே பழகினேன், சண்டைக்காலத்தில் பங்கருக்குள் பழகினேன், தலை நிமிர்த்தமுடியாத கூரைக்குக் கீழே காலை மடக்கிக்கொண்டு விடியவிடியப் பிரசவம் பார்த்தவளுக்கு உங்கள் யப்பான்காரன் என்ன நிலை சொல்லித்தருவான்… குத்துவது மட்டும் வரவில்லை, கை முன்னுக்குப் போனால் மற்றக் கை பின்னுக்கு வரவேண்டுமாம், எனக்கு இரண்டும் சேர்ந்தே முன்னுக்குப் போகும், பிள்ளை வாங்கிப் பழகிய கை, ‘துணி கிழிக்கிற மாதிரி இழுங்க மிஸ்ஸி, ரெண்டு கஜம் சீத்தத் துணி, சரக்கெண்டு’ என்றார் மாஸ்டர், அன்றைக்குக் கிழிக்கத் தொடங்கினேன், வவுனியாவில் கிழித்தேன், கொழும்பில் கிழித்தேன், சென்னையில் முதலாவது வெளிநாட்டுப் போட்டி, அங்கே எனக்கெதிராக நின்ற அம்மையார் என்னைப் பார்த்த பார்வையிலேயே தோற்றுப்போனாள், இல்லை, முற்றாக அப்படியில்லை, அவளுக்குச் சளிக்காய்ச்சல், ஆனால் பார்வையும் ஒரு காரணம்.

காட்டா என்பது எதிரில் ஆள் இல்லாத சண்டை, இந்தப் பக்கம் ஒருத்தன் வருகிறான் என்று நினைத்துத் தடுக்கவேண்டும், அந்தப் பக்கம் ஒருத்தன் என்று நினைத்து உதைக்கவேண்டும், எல்லாம் ஏற்கனவே வகுத்த ஒழுங்கில், ஒரு அசைவு பிசகினால் புள்ளி போச்சு, கத்மண்டுவில் நான் செய்தது குருவி பறக்கிற காட்டாவாம், முடிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு பாய்ச்சல் வரும், காற்றிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பதிந்து இறங்கவேண்டும், மாஸ்டர் சொன்னவர், ‘மிஸ்ஸி, இந்த வயசில பாய வேணாம், வேற காட்டா செய்வம்’ என்று, நான் கேட்டால்தானே, பாய்ந்தேன், எவ்வளவு உயரம் என்று கேட்கிறீர்களா, இமயமலை கொஞ்சம் பதிந்து தெரிந்தது… இறங்கினபோது உள்ளே ஒரு சத்தம், ஈரத் தடியிலிருந்து பட்டையை உரிக்கிற சத்தம், மண்டபம் முழுவதும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன், ஒருவருக்கும் கேட்கவில்லை, கடைசி மூன்று அசைவையும் அந்தக் காலில் நின்றே முடித்தேன், முடித்துக் குனிந்து வணங்கும்போது வந்த கண்ணீரைப் பார்த்து நேபாளத்துப் பிள்ளை ஒன்று, தேசப்பற்று என்று நினைத்துத் தானும் அழுதது. விமானத்தில் கால் வீங்கினது என்று மாஸ்டருக்குச் சொன்னேன், களைப்பு என்று இவருக்குச் சொன்னேன், குசினிக் கதவைச் சாத்திவிட்டு நோவெண்ணெய் தேய்க்கிறேன், மணத்தை மறைக்க வெங்காயம் தாளிக்கிறேன், இந்த மூன்று நாளில் எங்கள் வீட்டில் தாளித்த வெங்காயத்தால் கிளிநொச்சிச் சந்தையில் தட்டுப்பாடு வந்திருக்கும்.

ஏன் மறைக்கிறாய் நாகேஸ்வரி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினால் என்ன, நீயே மருத்துவமாது அல்லவா… போகலாம், போனால் டொக்டர் பார்த்த உடனேயே சொல்லிவிடுவார், அது எனக்கே தெரியும், இனிப் பாயக்கூடாது, இனி விளையாட்டு இல்லை, அந்த ஒரு வசனத்துக்காகத்தான் யதுர்ஷிகா காத்துக்கொண்டிருக்கிறாள், வைகாசியில் அவளுக்கு இரண்டாவது பிள்ளை, வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிய வந்துவிடுங்கோ அம்மா, பிளேன் ரிக்கற் போடுகிறேன் அம்மா, பெற்ற பிள்ளை கேட்கிறாள், ஊராருக்கெல்லாம் பிள்ளை வாங்கினவள் சொந்தப் பேரப்பிள்ளையை வாங்க மாட்டேன் என்பாளா, என்னைப்போல ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா… பென்சன் எடுத்த கையோடு மூத்த பேரனுக்காகப் போனேனே, கனடாவில், ஸ்காபரோவில் ஆறு மாதம், வீட்டின் அடியில் நிலத்துக்குள் ஒரு அறை, யன்னல் கூரையோடு ஒட்டி மேலே, அதற்கூடாகப் பார்த்தால் சப்பாத்துகள் மட்டும் போகும் வரும், முகம் இல்லை, குரல் இல்லை, கறுப்புச் சப்பாத்து, மண்ணிறச் சப்பாத்து, பிறகு பனி வந்து அதையும் மூடிவிட்டது, மகளும் மருமகனும் இருட்டோடு போய் இருட்டோடு வருவார்கள், நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் சொல்லமுடியாது, குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் மூச்சு முட்டினால் அதை யாரிடம் சொல்லுவது, நான்கு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் நான் காட்டா செய்தேன், மூன்று அடி போனால் அலுமாரி, திரும்பி மூன்று அடி வந்தால் கட்டில், ஆளில்லாத சண்டை… ஊருக்கு வந்து இறங்கினதும் நேரே மஸாஹிர் மாஸ்டரின் புடைவைக்கடைக்குப் போனேன், அறுபதுக்கு மேல் என்ன போட்டி இருந்தாலும் பெயரைப் போடுங்கோ என்றேன், பிறகு மகள் எப்போது கேட்டாலும் ஒரே பதில், ‘நான் நாட்டுக்காக விளையாடுறன் பிள்ளை’, அந்த வசனத்தைக் கேட்டதும் அவள் ரிக்கற் கதையை விட்டுவிடுவாள், நாடு எனக்குச் செய்த ஒரேயொரு உதவி அது. ஆவணியில் மலேசியாவில் அடுத்த போட்டி, அதுவரை இங்கே நின்று பயிற்சி, மலேசியா இருக்கும்வரை கனடா இல்லை, முழங்கால் தெரிந்தால் மலேசியா இல்லை… அப்போ இந்தக் கதிரையில் கட்டுண்டு கிடக்கிறேனே, இதுவும் ஒரு அடைபடல்தானே, இங்கேயாவது முகம் தெரிகிறது என்று மனத்தைத் தேற்றுகிறேன், முகம் எங்கே தெரிகிறது, செவ்வந்திப்பூதான் தெரிகிறது.

‘அன்பான பொதுமக்களே’ என்று நல்லதம்பி கத்துகிறார், வண்டி மைதானத்துக்குள் திரும்புகிறது, ‘ஆளில்லாமல் தனியச் செய்யிற கராட்டியைப் பாக்கிறதுக்கு நாங்கள் என்ன விசரரே, அப்பிடிச் செய்ய விட்டால் மிஸ்ஸிக்கு அது மரியாதையில்லை, அதாலை எங்கடை விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த ஏழு கயவர்கள் ஒரேயடியா மிஸ்ஸியைத் தாக்குவினம்’, என்ன, என்ன சொல்கிறார், ஏழு பேரா, ‘நல்லதம்பி, இஞ்சை வாரும், ஆரிட்டைக் கேட்டு இதை ஒழுங்கு செய்தனீர்’, ‘சந்தோஷ அதிர்ச்சி மிஸ்ஸி, சந்தோஷ அதிர்ச்சி’ என்று ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் மனுசன், பல்லைப் பார், அந்தப் பல்லை உதைக்கவாவது ஒரு கால் வேலை செய்யக்கூடாதா… சுதாகரன் வந்து கயிற்றை அவிழ்க்கிறான், பின்பலகை திறக்கிறது, ‘கால் நிலத்திலை படக்கூடாது, கதிரையோடை தூக்குங்கடா’ என்கிறது ஒரு குரல், என் இரண்டாயிரம் வருடத்துப் பொய் என்னைச் சுவாமி போலத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்து நடுவில் இறக்கி வைக்கிறது, மாலைகளைக் கழற்றுகிறார்கள், வெளிச்சம், சனம், வேலியில், மதிலில், வேப்பமரத்தில், அக்கராயனில் இவ்வளவு சனமா, பூநகரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்குமோ, எழும்பு நாகேஸ்வரி, இடது காலில் பாரத்தை வை, வலதைச் சும்மா ஊன்று, நில், நின்றுவிட்டேன், நிற்கிறேன், ஆனால் இதற்கு மேல் ஒரு அங்குலம் அசையமுடியாது, ஏழு கறுப்புச் சட்டைகள் வரிசையாக வருகின்றன, ஏழும் நான் குளிப்பாட்டிய உடம்புகள், முதலாவது நிரோஜன், கரப்பந்தாட்டத் தலைவன், இவன் தாயைப் படுத்திய பாடு, அன்றைக்கே ஒரு அடி போட்டிருந்தேன் அழவைக்க, இப்போது திருப்பித் தர வருகிறான்…

ஓ என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான், நான் வலது காலைப் பின்னுக்கு வைத்துத் தடுக்கவேண்டும், வைத்தால் விழுவேன், வைக்காவிட்டால் அவன் என்மேல் விழுவான், சரி, முடிந்தது, தெரிந்துவிடப்போகிறது, கையை மட்டும் தூக்கினேன், கை அரைவாசிகூடப் போகவில்லை, பயல் காற்றில் ஒரு கரணம் அடித்துத் தொம்மென்று என் இடது பக்கத்தில் விழுந்தான், புழுதி, சனம் விண்ணதிரக் கூவியது, நான் தொடவேயில்லை, ‘மிஸ்ஸி, காலை அசைக்காதேங்கோ’ என்கிறான் கிடந்தபடியே, வாய் அசையாமல், ‘நிண்ட இடத்திலை நில்லுங்கோவாம், மிச்சத்தை எங்களைப் பாக்கச் சொன்னவர்’, ‘ஆரடா சொன்னது’, ‘எங்கடை தில்லைநாதன் ஐயாதான், நேற்று எங்களைக் கூப்பிட்டு, அவாக்கு வலது கால் ஏலாது, இடப்பக்கத்தாலை வந்து விழுங்கோ, ஆரிட்டையும் மூச்சு விடக்கூடாதெண்டு சொன்னவர்… ஆ, அம்மா, செத்தன்’, கடைசிச் சொல் சனத்துக்கு. இரண்டாவது ஆள் வருகிறான், இடது பக்கத்தால், கையை உயர்த்துகிறேன், விழுகிறான், மூன்றாவது, நான்காவது, ஒருத்தன் நான் கையைத் தூக்குமுன்னரே அவசரப்பட்டு விழுந்துவிட்டான், அதற்கும் கைதட்டு, பார்வையாலேயே விழுத்திப்போட்டா என்று நல்லதம்பி அலறுகிறார், ஏழும் விழுந்து என்னைச் சுற்றிக் கிடக்கிறது, நான் நடுவில், ஒருத்தனைத் தாண்டினால்தான் வெளியே போகலாம், தாண்டமுடியாது, இவருக்குத் தெரியும், இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எப்போதிலிருந்து, வெங்காயத்திலிருந்தா, விமான நிலையத்திலிருந்தா, தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாரும் என்று கையைப் பிடித்து இழுக்காமல் ஏன் ஏழு பேருக்கு விழப் பழக்கினார்… கைபேசியோடு கிட்ட வருகிறார், விழுந்து கிடக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்கிறார், யதுர்ஷிகாவின் குரல் கேட்கிறது, ‘அப்பா, அம்மா சும்மா பின்னுறா என்ன, அப்ப மலேசியாவுக்கும் போறதெண்டுதானே நிக்கிறா, வைகாசிக்கு வரமாட்டாவோ’, நான் வாயைத் திறக்குமுன்னர் இவர் பேசுகிறார், இவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதில்லை, ‘மலேசியாவோடை முடியுமே பிள்ளை, அவாக்கு இன்னும் நாலைஞ்சு வருசம் கிடக்கு, அவாவைத் தனிய விட்டிட்டு நான் மட்டும் எப்பிடி வாறது, ஆரும் கூட நிக்கவேணுமெல்லோ’, சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறார், பிடிபடாமல் தப்பின பிள்ளையின் சிரிப்பு. நாலைஞ்சு வருடமா, இந்தக் காலோடா, யாருக்காக… நில், ஸ்காபரோவுக்கு நான் தனியாகவா போனேன், இரண்டு பேரும்தானே போனோம், ஆறு மாதமும் இவரும் அந்த அறையில்தானே இருந்தார், அலுமாரி நினைவிருக்கிறது, கட்டில் நினைவிருக்கிறது, யன்னலால் போன சப்பாத்தின் நிறம்கூட நினைவிருக்கிறது, இவர் எங்கே இருந்தார், எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் பகல் முழுவதும், எவ்வளவு யோசித்தும் வருகுதில்லையே… ‘மிஸ்ஸி, எழும்பட்டோ’ என்று கீழேயிருந்து கேட்கிறான் நிரோஜன், முதுகில் கல்லுக் குத்துகிறதாம், பொறடா, கொஞ்சம் பொறு, இவர் எங்கே இருந்தார்…